படுதாவுக்குப் பின்னாலிருந்து – வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஊர் நாடகக் குழுக்கள் பயிற்சிப் பட்டறை நடத்திப் பார்க்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி: பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் வேலை பார்த்தவள். குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர் நாடகங்களுக்குப் படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தது அதைவிட நீண்ட காலம்.

*சித்திரைத் திருவிழாவில் வருடாவருடம் சமூக நாடகம் போடுகிறோம். போன தடவை மூன்றாவது சீனிலேயே கதாநாயகனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மூன்று நாள் பட்டறை வைக்கலாம் என்றிருக்கிறோம். எதை முதலில் சொல்லிக்கொடுப்பது?*
– பாபநாசம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர்

தம்பி, உங்கள் கதாநாயகனின் தொண்டையைக் கெடுத்தது மைக் என்றுதான் நினைக்கிறேன். நம் ஊர் மேடையில் மேலேயிருந்து இரண்டு மூன்று மைக் தொங்கும். பேச வேண்டியவர் ஓடிவந்து அதற்கு அடியில் நிற்பார், முகத்தைத் தூக்கிக் கத்துவார், முடித்ததும் அடுத்தவருக்கு இடம் விட்டு ஒதுங்குவார். அப்பாவும் பிள்ளையும் சண்டை போடுகிற சீனில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எதிரில் இருப்பவர் என்ன சொன்னார் என்பதே காதில் ஏறாது. அவர் வாயை மூடியதும் இவர் ஒப்பிக்க ஆரம்பிப்பார். கேட்காமல் பேசினால் கத்தத்தான் வரும்.

அதனால் முதல் நாள் மைக்கும் வேண்டாம், வசன நோட்டும் வேண்டாம். எல்லோரையும் வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போங்கள். இந்தக் கரையில் ஒருவர், அந்தக் கரையில் ஒருவர். “சாப்பிட்டாச்சா?”, “மாடு பிடிச்சுக் கட்டியாச்சா?” என்று சும்மா பேசட்டும். கத்தக் கூடாது, ஆனால் அக்கரையில் ஒவ்வொரு சொல்லும் விழ வேண்டும். விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு எடுக்கும்போது கை வெளியே வர வேண்டும். கழுத்து நரம்பு புடைத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகவும், உதட்டை ‘ப்ர்ர்ர்’ என்று அதிரவிடவும் பழக்குங்கள். மாட்டுக்காரர் செய்கிற சத்தம் போலிருக்கும், பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உடம்பு இளகும்.

இரண்டாம் நாள் வசனத்துக்கு வரலாம். ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எதிராளி சொன்ன கடைசிச் சொல்லைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் தன் வசனத்தைத் தொடங்க வேண்டும்.

இதை நான் ஒருமுறை சொத்துப் பிரிக்கிற சீனை வைத்துச் செய்து பார்த்தேன். தம்பி வேடம் கட்டியவர் நெல் மண்டியில் மூட்டை எடை போடுகிற பையன். மேடையில் அவர் குரல் தேர்முட்டி வரைக்கும் போகும், ஆனால் ஒரு சொல் பிடிபடாது. அக்கரையிலிருந்து அண்ணன், “இந்தா, கையெழுத்துப் போடு” என்றார். இவர், “போடு” என்று திருப்பிச் சொன்னார். நின்றார். இன்னொரு தடவை, “போடு” என்றார். அப்புறம் அந்த ஒரு பக்க வசனத்தைக் கிட்டத்தட்டப் பேசுகிற குரலில் சொல்லி முடித்தார். ஒரு சொல் தவறாமல் அக்கரையில் கேட்டது. படித்துறையில் போர்வை அலசிக்கொண்டிருந்த ஓர் அம்மா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். போர்வை பாட்டுக்குத் தண்ணீரோடு இழுத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மேடையில் மைக்கைக் கட்டி, இதே சீனை ஒருவரையொருவர் பார்த்துப் பேச வையுங்கள். மைக் செட்டுக்காரரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் குரல் இறங்கும் என்று தெரிந்தால் அவர் ஏற்றிக் கொடுப்பார், நடிகர் அண்ணாந்து கத்த வேண்டியதில்லை. கடைசி நாளில் நாடகம் போட்டுக் காட்ட வேண்டும் என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதை ஒத்துக்கொண்டால் இரண்டாம் நாளே எல்லோரும் மனப்பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

தொண்டை கட்டினால் குசுகுசுவென்று பேசினால் போதும் என்று நினைக்கிறார்கள். அதுவும் குரல் நாணுக்குச் சிரமம்தான். பேசாமல் இருப்பதுதான் மருந்து. ஆவி பிடிக்கலாம், தண்ணீர் நிறையக் குடிக்கலாம். மூன்று வாரம் ஆகியும் கரகரப்பு போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

*பட்டறைக்கு முதல் நாள் நிறையப் பேர் வருகிறார்கள், மூன்றாம் நாள் ஆள் இல்லை. என்ன செய்வது?*
– நன்னிலத்திலிருந்து ஒரு வாசகி

எனக்கும் நடந்திருக்கிறது அம்மா. ஒரு தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு வைத்தேன். முதல் நாள் 22 பேர். மூன்றாம் நாள் காலையில் 7 பேர்தான் இருந்தார்கள். ஒரு பையன் சைக்கிளை நிறுத்தாமலேயே, “மிஷின் வந்துடுச்சு டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனான். அறுப்பு மிஷின் ஊருக்குள் வந்துவிட்டால் வயல்காரன் ஒத்திகைக்கு வருவானா? அன்றைக்கு விட்டால் மிஷின் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஊரைக் கேட்காமல் நாள் குறித்தது என் தப்பு.

நம் பக்கத்தில் தேதியைச் சொல்வது தண்ணீர்தான். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தால் அதிலிருந்து குறுவை நெல் வேலை, அப்புறம் சம்பா, தாளடி, ஐப்பசி கார்த்திகையில் மழை. தையில் அறுப்பு. அறுப்புக்கு முன்னாலேயே தாளில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனியில் பறிப்புக்கு வரும், அது முக்கால்வாசி பெண்கள் கை வேலை. ஆக, பெரியவர்களுக்கு மாசி நடுவில் ஒரு பத்துப் பதினைந்து நாள் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து சித்திரை விடுமுறையில் தனியாக வையுங்கள். மூன்று முழு நாளைவிட ஒன்பது சாயங்காலம், நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் ஆள் நிற்கும்.

ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். யாரும் ஒதுக்குவதில்லை என்பது என் தீராத வருத்தம். வரவு செலவு நோட்டை இரண்டு பேர் எழுத வேண்டும், மறுநாளே கோயில் சுவரில் ஒட்ட வேண்டும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுதி வாங்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்தில் அரசு வருடத்தில் அதிகபட்சம் 15 நாள் இரவு 12 வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். பத்து மணிக்குத்தான் முதல் பாட்டே என்று பழகிய நமக்கு இது கஷ்டம். ஏழு மணிக்குப் படுதா தூக்குகிற மாதிரி நாடகத்தைச் சுருக்கக் கற்றுக்கொள்வதும் பயிற்சியில் சேர்த்திதான். உதவித்தொகை விவரங்களுக்குத் தஞ்சாவூர் மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

*சென்னையிலிருந்து யாராவது வந்து நடத்தினால்தான் அது பட்டறையா?*
– மன்னார்குடிக் கல்லூரி மாணவர்

வெளியாள் வருவது நல்லதுதான். 1977இல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளி எழுபது நாள் பட்டறை நடத்தியது. 1980இல் வங்காளத்து நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலத்துக்கு வந்து பயிற்சி கொடுத்தார். படுதா, விளக்கு, மேடை எதுவும் இல்லாமல் நடிகனின் உடம்பும் சுற்றி உட்கார்ந்த சனமும் போதும் என்பது அவர் வழி. தமிழில் புது நாடகம் செய்த பலர் இவற்றிலிருந்து கிளம்பினார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். நம் தஞ்சை மண்ணின் புஞ்சை கிராமத்தில் பிறந்த ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்கிற நாடகக் குழுவைத் தொடங்கியவர். அவர் போய்க் கற்றது புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம், தெருக்கூத்து வாத்தியாரிடம். அப்படியிருக்க உங்களுக்குப் பக்கத்து ஊரிலேயே பொய்க்கால் குதிரை ஆடுகிறவர் இருந்தால் விடலாமா? கட்டைக்காலில் ஏறி நின்று, இடுப்பில் குதிரைக் கூட்டைச் சுமந்துகொண்டு சிரித்த முகமாக ஆடுகிற மனிதரிடம் உடம்பின் நிதானத்தைப் பற்றிக் கற்க எவ்வளவோ இருக்கிறது. அவருக்குச் சால்வை மட்டும் போர்த்தி அனுப்பாதீர்கள், சென்னைக்காரருக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே கொடுங்கள். நரசிம்ம ஜயந்திக்குத் தஞ்சாவூர் பக்கத்து மெலட்டூர் போய் பாகவத மேளம் என்கிற நாட்டிய நாடகமும் பாருங்கள். வசனம் தெலுங்கு, புரியவில்லையே என்று எழுந்து வந்துவிடாதீர்கள். பிரகலாத நாடகத்தில் நரசிம்ம முகம் தரிப்பவர் விரதம் இருந்துதான் அதைத் தொடுகிறார். ஒரு வேடத்துக்கு எப்படித் தயாராவது என்று அங்கே தெரியும்.

*எனக்கு நடிக்க ஆசை. எங்கள் ஊரில் கதாநாயகிக்கு வெளியூர் நடிகையைத்தான் கூட்டி வருகிறார்கள். பட்டறைக்காவது போகலாமென்றால் வீட்டில், “ராத்திரியில என்ன வேலை?” என்கிறார்கள்.*
– திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு சகோதரி

நானும் இதே கேள்வியோடு இருபது வயதில் படுதாவுக்குப் பின்னால் போனவள்தான் அம்மா. முன்னால் வர விடவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. குழுவிடம் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், தனியாகக் கேட்காமல் நான்கைந்து பெண்களாகப் போய்க் கேளுங்கள். மாலை 4 முதல் 6 வரை, பள்ளிக்கூடக் கட்டடத்தில். உங்கள் மாமியாரை முதல் நாள் வந்து உட்காரச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அப்படிக் காவலுக்கு வந்த ஓர் அத்தை ஐந்தாம் நாள் ஒப்பாரி எடுத்துக் கொடுத்தார், அந்த நாடகத்தின் கடைசி சீனே அதுதான். பட்டறை நடத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன்: பெண்கள் வரவில்லை என்று எழுதாதீர்கள், எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள்.

*சான்றிதழ் கொடுக்க வேண்டுமா?*
– கும்பகோணம் வாசகர்

கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். அச்சுக்கு ஆகிற செலவில் முதலில் டீயும் சுண்டலும் வாங்குங்கள்.

*வயது 68. நடிக்க இனி முடியாது. பட்டறையில் எனக்கு ஏதாவது இடம் உண்டா?*
– வலங்கைமானிலிருந்து ஒரு பெரியவர்

ஐயா, உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். வசனம் எடுத்துக் கொடுக்க இப்போது ஆளே இல்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டு யாரோ ஒரு பையன் நிற்கிறான், நடிகர் மறந்தபின் தேடுகிறான். மறதி திடீரென்று வருவதில்லை. அதற்கு ஒரு சொல் முன்னால் மூச்சு மேலே ஏறி நின்றுவிடும். வேண்டுமென்று இடைவெளி விடுகிறவருக்கு மூச்சு இறங்கிக்கொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படுதாவுக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்கும். இறங்குகிற மூச்சில் நீங்கள் குறுக்கே புகுந்தால் சீன் செத்துவிடும். ஏறின மூச்சுக்கு முதல் சொல்லை மட்டும் கொடுத்தால் போதும், மீதி தானாக வரும்.

ஒத்திகை தொடங்குகிற நாளிலிருந்து கூடவே உட்காருங்கள். பென்சிலால் ஒவ்வொருவரும் நிறுத்துகிற இடத்தில் ஒரு கோடு, தடுமாறுகிற இடத்தில் ஒரு புள்ளி. நோட்டில் எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். டார்ச்சின் கண்ணாடியில் மஞ்சள் காகிதம் ஒட்டிக்கொண்டால் படுதாவுக்கு வெளியே வெளிச்சம் தெரியாது. முழங்கால் வலி இருந்தால் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.