வளையலா, இஎம்ஐயா? மகளின் லேப்டாப்புக்கு எவ்வளவு போதும்

கேள்வி: ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மாதம் 32,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகளுக்குக் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. லேப்டாப்புக்கென்று 45,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். கடையில் 78,000 ரூபாய் கேமிங் லேப்டாப் ஒன்றைக் காட்டி, "ஏஐ படிக்க கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாது சார்" என்கிறார்கள். கிரெடிட் கார்டில் 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ, மாதம் 6,500. ரொக்கம் என்றால் 74,000. மனைவி தன் வளையலை அடகு வைத்து ரொக்கமாகவே வாங்கிவிடலாம் என்கிறார். வங்கியில் மாதம் 2,000 ரூபாய் ஆர்டி ஏழு மாதமாகப் போகிறது. ஹாஸ்டல் கட்டணத்துக்கு எஃப்டி தனியாக இருக்கிறது. எந்த வழி நல்லது?

பதில்: மகளுக்கு வாழ்த்துகள். ஹாஸ்டல் எஃப்டியை நான் தொடப் போவதில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

78,000 என்ற விலையைச் சொன்னவர் விற்பவர். மகளின் படிப்பு என்ன கேட்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்துக்கு வருவோம்.

முதல் வருடத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல்தான் அதிகம். புரோகிராமிங்கில் சி அல்லது பைத்தான் இருக்கும். அதற்கு எந்த லேப்டாப்பும் போதும். இரண்டாம், மூன்றாம் வருடத்தில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) என்று வரும்போதுதான் பாரம் ஏறும். அந்தப் பாரத்தைத் தாங்குவது ரேம், அதாவது வேலை ஓடும்போது லேப்டாப் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். 8 ஜிபி மூச்சு வாங்கும், 16 ஜிபி தாராளம். கடைக்காரர் சொன்ன ஏஐ கதைக்கும் வழி இருக்கிறது. மாணவர்கள் செய்யும் பயிற்சிகளுக்கு கூகுள் கோலாப் என்ற இணையச் சேவையில் கிராபிக்ஸ் கார்டு இலவசமாகவே கிடைக்கிறது, பிரவுசர் போதும். இலவசத்துக்கு நேர வரம்பு உண்டு என்றாலும் படிக்கிற பிள்ளைக்கு அது சமாளிக்கக்கூடியதுதான். பெரிய ஏஐ மாடல்களைப் பழக்க வேண்டுமென்றால் அந்த 78,000 ரூபாய் லேப்டாப்பும் திணறத்தான் செய்யும். ஆர்க்கிடெக்சர், அனிமேஷன் படிக்கிற பிள்ளையாக இருந்தால் நானே கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், சார்ஜர் ஒரு செங்கல். ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்குத் தினமும் சுமக்கப் போவது மகள்தான். பேட்டரியும் சீக்கிரம் தீரும், வகுப்பறையில் எல்லா மேசைக்கும் பிளக் பாயிண்ட் இருக்காது.

ஆக, தேவை இவ்வளவுதான்: ஐ5 அல்லது ரைசன் 5 தரத்தில் ஒரு பிராசசர், கோப்புகளைச் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி, ஒன்றரை கிலோவை ஒட்டிய எடை, 16 ஜிபி ரேம். ரேம் விலை ஏறியிருந்தால் 8 ஜிபி வாங்கி, இரண்டாம் வருடம் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இப்போது பல மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். அப்படிப்பட்டதில் பிறகு ஒரு ஜிபி கூடச் சேர்க்க முடியாது.

பிராசசர் பெயரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லேப்டாப் இருக்கும். பார்த்தால் ஒரே ஜாதி என்று தோன்றும். முதலாவது நான்கு கோர் (வேலை செய்யும் பகுதி), 2019-இல் வந்த ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. இரண்டாவது ஆறு கோர், அதற்கு அடுத்த ஜென் 3. ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியின் இந்த 7000 வரிசையில் தலைமுறையைச் சொல்வது மூன்றாவது எண். "ரைசன் 5தான் சார், லேட்டஸ்ட்" என்று சொல்லி முதலாவதை உங்கள் தலையில் கட்டிவிட முடியும். முழு எண்ணையும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மகளிடம் தேடச் சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட லேப்டாப்பின் விலை மாதத்துக்கு மாதம் மாறும். 55,000-க்குள் தேடுங்கள்.

சரி, இப்போது பணம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி எங்காவது ஒளிந்திருக்கும். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கார்டுக்கு 16 சதவீத வட்டி என்று வைத்தால், நீங்கள் கட்டும் 78,000 ரூபாயில் சுமார் 6,360 ரூபாய் வட்டி. அந்தத் தொகையைத்தான் கடை தள்ளுபடி என்ற பெயரில் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 1,145 ரூபாய், உங்கள் ஸ்டேட்மெண்டில் வரும். பிராசசிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் 4,000 ரூபாய் தள்ளுபடியும் போச்சு. மொத்தம் 5,380 ரூபாய். வருட வட்டியாகப் பார்த்தால் 13 சதவீதத்தை ஒட்டி வருகிறது. இதற்குப் பெயர் நோ காஸ்ட்! அதோடு, 32,000 சம்பளத்தில் மாதாமாதம் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். ஒரு தவணை தவறினால் அபராதம் வேறு.

உங்கள் மனைவி சொன்ன வழி இதைவிட மலிவுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். குறையும் 29,000 ரூபாய்க்கு வங்கியில் வளையலை வைத்தால், பத்து சதவீதம் என்று கணக்கிட்டாலும் ஒரு வருட வட்டி 2,900. ஆனால் நகைக் கடனில் வட்டியை மட்டும் கட்டிக் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போய், ஐந்தாவது வருடமும் வளையல் லாக்கரில் கிடக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்டது அந்த ஆர்டியை. ஏழு மாதத்தில் 14,000 சேர்ந்திருக்கிறது. 6.5 சதவீதம் என்று வைத்தால் இதுவரை அதன் வட்டியே 300 ரூபாய்ச் சொச்சம்தான். பாதியில் முடித்தால் அதிலும் ஒரு பகுதிதான் குறையும். முந்நூறு ரூபாயைக் காப்பாற்ற ஐயாயிரம் செலவழிப்பானேன்? முடித்துவிடுங்கள். 45,000 + 14,000 = 59,000. லேப்டாப் 55,000 என்றாலும் 4,000 மிச்சம்.

அந்த மிச்சத்தில், கீழே விழுந்தால், தண்ணீர் கொட்டினால் ஈடு தரும் பாதுகாப்புத் திட்டத்தைத் தயாரிப்பு நிறுவனத்திடமே விலை விசாரித்து எடுக்கலாம். ஹாஸ்டல் பிள்ளைக்கு அது வீண் செலவு அல்ல. கடைக்காரர் தனியாகத் தரும் வாரண்டி அட்டை வேண்டாம். ஆன்டிவைரஸும் வேண்டாம், விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது. எம்எஸ் ஆபீஸுக்கும் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். பல கல்லூரிகள் மாணவர் மின்னஞ்சலோடு அதைத் தருகின்றன, விசாரியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் யோசனை வந்தால் ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது.

இதே கேள்வியோடு இருக்கும் மற்ற பெற்றோருக்கு: 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் தருவதாக அறிவித்தது. பிள்ளை அரசுக் கல்லூரி என்றால், கடைக்குப் போகும் முன் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், ஆர்டியை முடித்த கையோடு அதே 2,000 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று தொடங்கிவிடுங்கள். இரண்டாம் வருடம் ரேம் கூட்டவோ, மூன்றாம் வருடம் பேட்டரி மாற்றவோ வேண்டி வந்தால் அப்போதும் வளையலைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்காது.