கல்லூரி ஆசிரியர்களுக்குப் பணிச்சுமையை எப்படிப் பிரிக்கிறார்கள்? அதில் நியாயம் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர். தனக்கு வாரம் 18 மணி நேரம் வகுப்பு, துறையின் மூத்தவருக்கு 12 மணி நேரம்தான், இதற்கு விதி ஏதும் உண்டா, யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். நான் தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தமிழ்த்துறையில் இருபத்தெட்டு ஆண்டு வேலை பார்த்தவன். கடைசி ஆறு ஆண்டு துறைத்தலைவர். அந்த ஆறு ஜூன் மாதங்களிலும் டைம்டேபிள் போட்டு எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

விதி உண்டு. யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி, முழுநேர ஆசிரியர் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆண்டில் 30 வாரம், அதாவது 180 வேலை நாள், பணியாற்ற வேண்டும். அந்த 40இல் நேரடியாக வகுப்பெடுக்க வேண்டியது உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம். இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. நிர்வாகம், விரிவாக்கப் பணி என்று தீவிரமாக இருக்கும் பேராசிரியருக்கு இன்னும் 2 மணி நேரம் தளர்த்தலாம். ஆக, உங்கள் மூத்தவர் பேராசிரியராக இருந்து நிர்வாகப் பொறுப்பும் பார்த்தால் அவருடைய 12 விதிப்படி சரியே. இடிப்பது உங்கள் 18தான். நம் ஊரில் 16ஐ எல்லாரும் குறைந்தபட்சமாகவே படிக்கிறார்கள். அதற்கு மேல் போனால் யாரும் கேட்பதில்லை.

சரி, 40இல் 16 போனால் மீதி 24. அந்த 24 மணி நேரத்தில் யார் என்ன செய்கிறார் என்பது எந்த டைம்டேபிளிலும் இருக்காது. என் அனுபவத்தில் சண்டை எல்லாம் அங்கிருந்துதான் வரும்.

எங்கள் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்த்துறைக்கு இரண்டு முகம். ஒன்று, பி.ஏ., எம்.ஏ. தமிழ் மாணவர்களுக்கான வகுப்புகள். இன்னொன்று பகுதி ஒன்று தமிழ், அதாவது வணிகவியல், கணினி, இயற்பியல் என்று எல்லாத் துறை மாணவர்களும் படிக்கும் பொதுத்தமிழ். பொதுத்தமிழ் வகுப்பில் 65 பேர் இருப்பார்கள், பாதிப் பேர் கடைசி பெஞ்சில் கணக்குப்பதிவியல் நோட்டு எழுதிக்கொண்டு. எம்.ஏ. வகுப்பில் 18 பேர்.

நான் துறைத்தலைவரான முதல் ஆண்டில், எல்லாருக்கும் சரியாக 16 போட்டுவிட்டேன் என்று பெருமையாக இருந்தேன். ஒரு இளைய ஆசிரியருக்கு இரண்டு பொதுத்தமிழ் வகுப்பு, தலா 6 மணி நேரம், அதோடு பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு 4 மணி நேரத் தாள் (பாடம்) ஒன்று. மொத்தம் 16. மூத்தவர் ஒருவருக்கு எம்.ஏ.வில் மூன்று தாள், 6, 5, 5. அதுவும் 16. பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம் அந்த இளையவர் ஒரு துணிப்பை நிறைய விடைத்தாளோடு வந்து என் மேசைமேல் வைத்தார். “ஐயா, கோவிச்சுக்காதீங்க, ஒரு நிமிஷம் இதை எண்ணிப் பாருங்க” என்றார்.

எண்ணினோம். அவரிடம் பொதுத்தமிழ் மாணவர் 130, பி.ஏ. மாணவர் 40. ஆளுக்கு இரண்டு இன்டர்னல், ஒரு மாடல் தேர்வு. 170 பெருக்கல் 3, மொத்தம் 510 விடைத்தாள். தாளுக்குப் பத்து நிமிடம் என்றாலே 85 மணி நேரம். எம்.ஏ. ஐயாவிடம் 54 பெருக்கல் 3, மொத்தம் 162. அது 27 மணி நேரம். ஒரே 16, ஆனால் ஒரு பருவத்தில் 58 மணி நேர வித்தியாசம். அந்த 58 மணி நேரத்தை இளையவர் எங்கே பார்த்தார்? வீட்டில், குழந்தை தூங்கிய பிறகு, சாப்பாட்டு மேசையில்.

எம்.ஏ. ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்ன பதிலும் தப்பில்லை. “தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் உரையை ஒரு மணி நேரம் நடத்த நான் இரண்டு மணி நேரம் படிக்கணும். செய்யுள் திரட்டில் அதே பத்துப் பாட்டை மூன்று வருஷம் நடத்துறவருக்கு அது வேண்டுமா?” உண்மைதான். ஆனால் அவர் அந்த உரையை அப்போதே பதினான்கு ஆண்டாக நடத்திக்கொண்டிருந்தார் என்பதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வேதியியல் துறை நண்பரிடம் புலம்பினால் அவருக்கு வேறு கதை. லேபில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், ஆசிட் கொட்டாமல் பார்க்க வேண்டும், ரெக்கார்டு நோட்டு திருத்த வேண்டும். லேப் நேரத்தை வகுப்பு நேரத்துக்குச் சமமாக எண்ணுவதா, பாதியாக எண்ணுவதா என்பது அங்கே ஓயாத வழக்கு. அதற்குள் நான் போகவில்லை.

அடுத்த ஜூனில் நான் செய்தது ஒன்றே ஒன்று. எனக்கு முன்பு இருந்தவர்கள் பணிப்பங்கீட்டுத் தாளை மேசை டிராயரில் பூட்டி வைப்பார்கள். அவரவருக்கு அவரவர் டைம்டேபிள் மட்டும் கைக்கு வரும். நான் ஒரு சார்ட் வாங்கி, பென்சிலால் கோடு போட்டு, துறை அறையில் தண்ணீர்ப் பானைக்கு மேலே ஒட்டினேன். பெயர், மணி நேரம், மாணவர் எண்ணிக்கை, திருத்தும் தாள், புதிதாக எடுக்கும் பாடம் உண்டா, வகுப்பு தவிர்த்த பொறுப்புகள். என் பெயரும் அதில் இருந்தது. பேனா தொடவில்லை, ரப்பர் பக்கத்திலேயே நூலில் கட்டியிருந்தது.

ஒரு வாரம் யாரும் எதுவும் பேசவில்லை. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் நின்று குடித்தார்கள். அப்புறம் எம்.ஏ. ஐயாவே வந்து, “பி.காம். முதலாண்டு பொதுத்தமிழை எனக்குப் போடுங்க, எம்.ஏ.வுல ஒரு தாளை அந்தத் தம்பிகிட்ட குடுங்க” என்றார். நான் கேட்டிருந்தால் நடந்திருக்காது. அதன் பிறகு துறைக்குள் ஒரு வழக்கம் ஆனது: எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் ஒரு பொதுத்தமிழ் வகுப்பு உண்டு, எந்த எம்.ஏ. தாளும் ஒருவரிடமே மூன்று ஆண்டுக்கு மேல் இருக்காது. முதல் ஹவர், கடைசி ஹவர்களும் எண்ணிப் பிரிக்கப்பட்டன. அதில் மட்டும் சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கல்யாணமாகாத இருவர் அதற்காக என்னை இன்றும் மன்னிக்கவில்லை.

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன், அமெரிக்காவில் அப்போது மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த கெரியன் ஓமேராவும் சக ஆய்வாளர்களும் இதையே ஆராய்ச்சியாகச் செய்து, அமெரிக்கக் கல்வி மன்றம் 2021இல் அதை அறிக்கையாகவும் வெளியிட்டிருக்கிறது. யார் எவ்வளவு செய்கிறார் என்று எல்லாரும் பார்க்கும்படி வைப்பது அவர்கள் சொல்லும் வழிகளில் ஒன்று. அவர்களிடம் கணினித் திரை, எங்களிடம் தண்ணீர்ப் பானை.

சார்ட்டின் கடைசிப் பத்தி என் தலையிலேயே குட்டியது. வகுப்பு தவிர்த்த பொறுப்புகளில் ஓர் அம்மாவின் பெயருக்கு நேரே ஐந்து வேலை: அட்மிஷன் மேசை, நாக் (கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் தரும் அமைப்பு) கோப்பு, முத்தமிழ் மன்றம், கல்லூரி மலர், மாணவியர் குறைதீர் குழு. அவருக்கு அடுத்த வரிசையில் ஒருவருக்கு வெற்றிடம். இரண்டையும் போட்டது நான்தான். எந்தத் தீய எண்ணமும் இல்லை. அவசரத்துக்கு யாரிடம் சொன்னால் மறுக்காமல் செய்வார் என்று மனசு போகும் இடத்துக்குப் போயிருந்தேன், அவ்வளவுதான். லிண்டா பாப்காக், லீஸ் வெஸ்டர்லண்ட் முதலான பொருளியலாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அப்படியே சொல்கிறது. பதவி உயர்வுக்கு உதவாத, ஆனால் யாராவது செய்தே ஆக வேண்டிய வேலைக்கு, ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். தனித்தனிக் குழுவாக வைத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. கேட்கிறவர்களும் பெண்களிடமே அதிகம் போய்க் கேட்டார்கள். நானும் அந்தக் கேட்கிறவர்களில் ஒருவன். வெற்றிடக்காரரிடம் நாக் கோப்பைக் கொடுத்தேன். மோசமாகச் செய்தார், மறுபடி அம்மாவிடமே போகும்படி செய்யும் உத்தியோ என்னவோ. அம்மாவிடம் கொடுக்காமல் அவரிடமே திருப்பித் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் நன்றாகவே செய்தார்.

எல்லாவற்றையும் மணி நேரமாக மாற்றிவிட்டால் தீர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் 1992க்குப் பிறகு பல்கலைக்கழகமான நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் வகுப்பு வாரத்துக்கு 18, ஆண்டுக்கு 550 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு. விடைத்தாள் திருத்துவது, ஆய்வு வழிகாட்டுவது, குழுக்கூட்டம் வரை கணக்கில் சேர்க்கும் அட்டவணைகளும் அங்கே பரவலாக இருக்கின்றன. ஆனால் ஒரு கட்டுரை திருத்த எத்தனை நிமிடம் என்று மேலிடம் முடிவு செய்த அன்றே சண்டை அந்த நிமிடத்துக்கு இடம் மாறிவிடும். எண்ணாமல் விட்டால் ஒரு அநியாயம், எண்ணினால் இன்னொன்று. நான் எண்ணுகிற கட்சி.

நம் ஊரில் மணி நேரக் கணக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு, இது புதியவர்களுக்குச் சட்டென்று புரியாது. துறையின் மொத்த மணி நேரத்தை 16ஆல் வகுத்தால்தான் எத்தனை பணியிடம் என்று வரும். 96 மணி நேரம் இருந்தால் ஆறு பேர். பாடத்திட்டம் மாறி 80க்கு இறங்கினால் ஒருவர் உபரி. அதனால்தான் கல்விக்குழுக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்காக இரண்டு துறைத்தலைவர்கள் பங்காளிச் சண்டை போடுவார்கள். 2016 மே மாதம் யு.ஜி.சி. உதவிப் பேராசிரியரின் 16ஐ 18 ஆக்கி, மேலே 6 மணி நேர டுடோரியலும் (சிறு குழு வகுப்பு) சேர்த்தபோது தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்துவதையே புறக்கணித்தார்கள். வேலை கூடுகிறதே என்ற கோபம் ஒரு பக்கம். ஆளுக்கு மணி நேரம் கூடினால் ஆட்கள் குறைவார்கள், வருடக்கணக்காகத் தற்காலிகமாக இருப்பவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்ற பயம் இன்னொரு பக்கம். சில வாரங்களில் அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

தற்காலிகம் என்றதும் சொல்லிவிடுகிறேன். சார்ட் ஒட்டிய இரண்டாம் ஆண்டு, சுயநிதிப் பிரிவு (அரசுச் சம்பளம் இல்லாமல், மாணவர் கட்டணத்தில் நடப்பது) ஆசிரியை ஒருவர் தண்ணீர் குடிக்க வந்தவர் சார்ட்டை மேலிருந்து கீழே வரை படித்துவிட்டு, “எங்க பேரு எந்தப் பக்கம் ஐயா இருக்கு?” என்றார். இல்லை. அரசுச் சம்பளம் வாங்கும் ஏழு பேரை மட்டும்தான் எழுதியிருந்தேன். மதிய ஷிப்டில் அதே பொதுத்தமிழை 70 பேர் வகுப்பில் 20, 22 மணி நேரம் எடுப்பவர்கள் அவர்கள். தேர்வுக் கண்காணிப்புக்கும் முதலில் கூப்பிடுவது அவர்களைத்தான். சம்பளம் எங்களுடையதில் கால்வாசிகூட வராது. கௌரவ விரிவுரையாளர்களுக்கு வகுப்புக்கு ரூ.1,500, மாதம் ரூ.50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019இல் சொன்னது, அந்தத் தொகையை வாங்கிய ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு அவர்களுக்கும் ஒரு சார்ட் போட்டு ஒட்டினேன். நான்காம் நாள் மேலேயிருந்து ஆள் வந்தது, இதெல்லாம் வெளியில் வேண்டாம் என்று. கழற்றி என் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டேன். அந்த ஒரு விஷயத்தில் துறைத்தலைவரால் ஆனது அவ்வளவுதான், அதாவது ஒன்றும் ஆகவில்லை.

இனி உங்கள் 18க்கு வருவோம். மணி நேரத்தை மட்டும் சொல்லிப் போகாதீர்கள், “எல்லாரும் ஆரம்பத்தில் அப்படித்தான் தம்பி” என்று அனுப்பிவிடுவார்கள். எத்தனை மாணவர், எத்தனை விடைத்தாள், எத்தனை புதுத் தாள், எத்தனை கண்காணிப்பு என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். மூத்தவரின் 12ஐ இழுக்காதீர்கள். ஜூலையில் போகாதீர்கள், முதல்வர் கையெழுத்தான டைம்டேபிளை யாரும் தொட மாட்டார்கள். விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து, அடுத்த ஆண்டுப் பங்கீட்டை இன்னும் பென்சிலில் வைத்திருக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.