நாய்க்கும் பணம் கட்டினேன், ஏற்றவில்லை: டர்பன் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 68. கேப் டவுனில் உள்ள மகன் வீட்டில் சில மாதம் தங்கலாம் என்று, நாயைக் கேபினிலேயே கூட்டிப்போகலாம் என விளம்பரம் செய்திருந்த ஒரு விமான நிறுவனத்தில் டிக்கெட் எடுத்தேன். என் நாய் மணி மால்டீஸ் கலப்பு. பையோடு சேர்த்தே 6 கிலோதான். டிக்கெட்டுக்கு 1,640 ரேண்ட், மணிக்கு 850 ரேண்ட் கட்டினேன். கேபினில் நாய்க்கு இடம் உறுதி என்று மின்னஞ்சல் வந்தது. இருக்கைக்கு அடியில் வைக்கக்கூடிய மென்மையான பை வேண்டும் என்று மட்டும் அதில் இருந்தது. அளவு எதுவும் இல்லை. கிங் ஷாகா விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பை பெரிது என்றார். நான் விடாமல் கேட்டதும் மேற்பார்வையாளர் வந்து, இந்த விமானத்தில் ஏற்கெனவே நாய்கள் இருக்கின்றன, இனி ஏற்ற முடியாது என்றார். விமானம் போய்விட்டது. மணியை நாய் விடுதியில் விட்டுவிட்டு, மறுநாள் 2,390 ரேண்டுக்கு வேறு டிக்கெட் எடுத்துத் தனியாகப் போய், இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டேன். விடுதிக்கு 2,100 ரேண்ட் ஆனது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், நான் விமானத்துக்கு வராதவர் என்று பதிவாகியிருக்கிறதாம், விதிமுறைப்படி ஒன்றும் கிடையாதாம். பணம் கிடைக்குமா? மன உளைச்சலுக்கு 10,000 ரேண்ட் கேட்கலாமா? அடுத்த ஆண்டு மணியோடு நெதர்லாந்தில் இருக்கும் மகளிடம் போக நினைக்கிறேன். மன ஆறுதலுக்கான துணை நாய் என்று ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். சரியா?

பதில்: அம்மா, பணம் கிடைக்க உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், எதற்காகச் சண்டை போட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாயைக் கேபினில் ஏற்றுவதா இல்லையா என்பதில் விமான நிறுவனத்துக்கும் விமானிக்கும் பாதுகாப்பு சார்ந்த அதிகாரம் உண்டு. அன்று கவுண்டரில் சட்டம் பேசி நீங்கள் உள்ளே போயிருக்க முடியாது. ஆனால் ஏற்ற மறுக்கும் அதிகாரம் வேறு, வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ளும் உரிமை வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் அவர்கள் உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது, அவர்கள் இரண்டு காரணம் சொன்னதுதான். பை பெரிது என்பது ஒன்று. நாய்களுக்கான இடம் முடிந்துவிட்டது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சட்டம் வேறு வேறு.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது உங்களுக்கு மிகவும் சாதகமானது. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, இடத்துக்கு மேல் முன்பதிவு வாங்குவதைப் பற்றியது. குறிப்பிட்ட நாளில் ஒரு சேவையைத் தருவதாக ஒப்புக்கொண்டு பணம் வாங்கிய நிறுவனம், இடம் போதாததால் அதைத் தரவில்லை என்றால், வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அதனால் உங்களுக்கு நேரடியாக ஏற்பட்ட செலவையும் ஈடுசெய்ய வேண்டும். பெரும்பாலும் இந்தப் பிரிவை மனிதர்களின் இருக்கையை வைத்துத்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒரு விமானத்துக்கு இத்தனை நாய்கள்தான் என்று நிறுவனமே எண்ணிக்கை வைத்து, அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கினால், அதுவும் ஓர் இடம்தான் என்பது என் கருத்து. இடம் முடிந்த பிறகு உங்களிடம் 850 ரேண்ட் வாங்கி, உறுதி என்று எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் இடம் இல்லாமல் போனது, முடிந்தவரை சீக்கிரம் உங்களுக்குச் சொல்லவும் முயன்றோம் என்று அவர்கள் காட்டினால் அது ஒரு தற்காப்பு. விமானம் புறப்படும் நேரத்தில் கவுண்டரில் நிறுத்திச் சொன்னது அந்த வகையில் சேராது.

இனி பை. அளவு எங்கேயும் சொல்லப்படவில்லை என்றால் நீங்கள் மீறியதாகச் சொல்லப்படும் விதிதான் எது? சட்டத்தின் 22-ஆம் பிரிவு விதிகள் எளிய, புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு விதமாகப் பொருள்கொள்ளக்கூடிய வாசகம் இருந்தால் நுகர்வோருக்கு நன்மை தரும் பொருளையே எடுக்க வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. இருக்கைக்கு அடியில் உள்ள இடமோ விமானத்துக்கு விமானம் மாறும். சிறிய ரக விமானத்தில் ஒரு மாதிரி, ஏர்பஸ்ஸில் ஒரு மாதிரி, ஒரே விமானத்தில்கூட இருக்கைக்கு இருக்கை மாறலாம். உங்களால் வீட்டிலிருந்து அதை அளக்க முடியாது, அவர்களால் முடியும்.

இதில் ஓர் எச்சரிக்கை. மின்னஞ்சலின் அடியில் விதிமுறைகளுக்கு ஓர் இணைப்பு இருந்திருக்கும். அதைத் திறந்து பாருங்கள். அங்கே சென்டிமீட்டர் கணக்கில் அளவு இருந்து, உங்கள் பை அதைவிடப் பெரிது என்றால் உங்கள் நிலை பலவீனமாகும். அப்படியிருந்தாலும் முழுப் பணமும் போய்விடாது: முன்பதிவை ரத்துசெய்தால் நியாயமான ரத்துக் கட்டணம்தான் பிடிக்கலாம் என்கிறது 17-ஆம் பிரிவு. பயன்படுத்தாத டிக்கெட்டில் அடங்கியிருக்கும் விமான நிலைய வரியையும் தனியாகக் கேளுங்கள்.

விமானத்துக்கு வராதவர் என்று பதிவுசெய்ததுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. நேரத்துக்கு முன்பே வந்து கவுண்டரில் நின்ற ஒருவரை வராதவர் என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பானது. பணம் தராமல் இருப்பதற்கான கதவை அது திறந்துவிடுகிறது. இதை உடைக்க ஒரு வழி உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவலை நீங்கள் கேட்டுப் பெறலாம். உங்கள் முன்பதிவுப் பதிவையும், அதில் ஊழியர்கள் எழுதிய குறிப்புகளையும், எந்த நேரத்தில் எழுதினார்கள் என்ற விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். நாய் பற்றிய ஒரு வரி அதில் இருந்தால், நீங்கள் வரவில்லை என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

எவ்வளவு கேட்பது? 1,640, 850, 2,390, 2,100, ஆக மொத்தம் 6,980 ரேண்ட். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் டிக்கெட் பணத்தையும் இரண்டாவது டிக்கெட்டின் முழு விலையையும் சேர்த்துக் கேட்டால், கேப் டவுனுக்கு இலவசமாகப் போய்விட்டீர்களே என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே முதல் டிக்கெட்டைத் திருப்பிக் கேளுங்கள், இரண்டாவதில் கூடுதலாகக் கொடுத்த 750 ரேண்டைக் கேளுங்கள். அதோடு மணியின் 850, விடுதியின் 2,100. மொத்தம் 5,340 ரேண்ட். குறைத்துக் கேட்கிறோமே என்று வருந்த வேண்டாம். கணக்கு சுத்தமாக இருந்தால் தீர்ப்பளிப்பவர் மற்றதையும் நம்புவார்.

மன உளைச்சலுக்கான 10,000 ரேண்டை விட்டுவிடுங்கள். நம் நாட்டில் ஒப்பந்த மீறலுக்குப் பண இழப்பைத்தான் ஈடாகப் பெறலாம். மனவேதனைக்கு ஒப்பந்தத்தின் பேரில் இழப்பீடு இல்லை என்று நேட்டால் நிர்வாகம் தரப்பாக இருந்த ஒரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990-இல் சொன்னது இன்றும் நிற்கிறது. மணி உங்களுக்குக் குடும்பத்தில் ஒரு பிள்ளை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சொத்துச் சட்டம் நாயை இன்னமும் ஒரு பொருளாகத்தான் பார்க்கிறது. விலங்குகளுக்கு அவற்றுக்கே உரிய மதிப்பு உண்டு என்ற திசையில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2016-இல் பேசியது, விலங்கு நலச் சங்கம் தொடுத்த வழக்கில். அது நல்ல திருப்பம், ஆனால் உங்கள் 10,000 ரேண்டை அது கொண்டுவராது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் நிறுவனத்துக்கு ஒரு கோரிக்கைக் கடிதம். தேதி, விமான எண், கட்டிய தொகை, இரண்டு ஊழியர்களும் சொன்ன இரண்டு காரணம், கேட்கும் தொகை, 14 நாள் கெடு. இவ்வளவு போதும், கோபமான வார்த்தை வேண்டாம். டேப் வைத்து அளந்து பையைப் படம் எடுத்து இணையுங்கள். மணியின் எடையைக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். விமான நிலையத்துக்கு உங்களை யாராவது கொண்டுவிட்டிருந்தால் அவர் பார்த்ததை இப்போதே எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். ஆறு மாதம் கழித்து ஞாபகம் இருக்காது.

பதில் வராவிட்டால் சி.ஜி.எஸ்.ஓ. என்று சொல்லப்படும் நுகர்வோர் பொருள், சேவைக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுங்கள். கட்டணம் இல்லை. அவர் சொல்வது பரிந்துரைதான், தீர்ப்பு அல்ல. ஆனாலும் பல நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம். அங்கே 20,000 ரேண்ட் வரை கேட்கலாம். இரண்டு தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாட முடியாது, எனவே விமான நிறுவனம் பெரிய வக்கீலைக் கொண்டுவந்து நிறுத்திவிடுமே என்ற பயம் வேண்டாம். தன் ஊழியர் ஒருவரைத்தான் அனுப்பும். படிவங்களை நிரப்ப நீதிமன்றக் குமாஸ்தா உதவுவார். அங்கே வரும் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது, ஆகவே எல்லாத் தாளையும் முதல் நாளே கொண்டுபோங்கள். உங்கள் கோரிக்கை காலாவதியாக மூன்று ஆண்டு இருக்கிறது. ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து நெதர்லாந்து. துணை நாய்ச் சான்றிதழ் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். பார்வையற்றோரின் வழிகாட்டி நாய் போன்றவற்றுக்கு நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது: மாற்றுத்திறனாளி வாழ்வதற்குத் தேவையான உதவியை மறுப்பது பாகுபாடு. மன ஆறுதல் நாய் அந்த வகையில் வராது. அமெரிக்காவிலேயே அவற்றை விமான நிறுவனங்கள் உதவி நாயாக ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் 2021 ஜனவரியோடு நீங்கிவிட்டது. இல்லாத தேவையை இருப்பதாகக் காட்டித் தாள் வாங்குவது மோசடி. உண்மையிலேயே அந்த நாயை நம்பி வாழ்பவர் கவுண்டரில் சந்தேகத்தோடு பார்க்கப்படுவதற்கும் இதுதான் காரணம். உங்களைப் போன்ற ஒருவர் அதைச் செய்யக் கூடாது.

நேர் வழியில் போகலாம், ஆனால் நாள் ஆகும். ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் தென்னாப்பிரிக்காவைச் சலுகைப் பட்டியலில் வைக்கவில்லை. முதலில் மைக்ரோசிப் (நாயின் தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு), அதன் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி; வரிசை மாறினால் ஊசி செல்லாது. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து இரத்தப் பரிசோதனை. நோய் எதிர்ப்பு அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையக் கூடாது. பிரிட்டோரியாவுக்கு அருகில் உள்ள ஓண்டர்ஸ்டெபோர்ட்டில் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் இருக்கிறது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கடைசியில் அரசு கால்நடை மருத்துவரின் சான்றிதழ். அங்கே போய்ச் சேரும்போது அது 10 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினால் திருப்பி அனுப்புவார்கள், அல்லது தனிமையில் வைப்பார்கள். வேறு வழியில்லை என்றால் கொல்லவும் அவர்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் அவசரம் வேண்டாம் என்கிறேன்.

வழியும் முக்கியம். லண்டனில் இறங்கினால் நாய் சரக்காகத்தான் வர வேண்டும். வளைகுடா வழியாகப் போகும் நிறுவனங்களில் சில கேபினில் நாயை ஏற்பதே இல்லை. எந்த நிறுவனமானாலும், பையின் அளவு, எடை, அந்தக் குறிப்பிட்ட விமானத்தில் நாய்க்கு இடம் உறுதி, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகு டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள். தூக்க மருந்து கொடுத்துக் கூட்டிப்போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், உயரத்தில் அது மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து.

சர்வதேசப் பயணத்துக்கு, விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பை வரையறுக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். நாயும் பயணப் பெட்டி வகையில்தான் சேரும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2025 அக்டோபர் 16 அன்று தீர்ப்பளித்தது. விமானத்தின் அடியில் அனுப்புவதற்காக ஒப்படைத்த ஒரு நாய் தப்பி ஓடித் தொலைந்த வழக்கு அது. ஆகவே பொறுப்பின் உச்சவரம்பு ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர்தான். ஒப்படைக்கும்போதே அதிக மதிப்பை எழுதி, கேட்டால் கூடுதல் கட்டணமும் கட்டியிருந்தால்தான் அதைத் தாண்டும். கேபினில் உங்கள் காலடியில் இருக்கும் நாய்க்கு ஏதாவது நேர்ந்தால் நிறுவனத்தின் தவறை நீங்கள் காட்ட வேண்டும். வழக்குக்கான கெடு இரண்டே ஆண்டு.

திரும்பி வருவதையும் இப்போதே யோசியுங்கள். தென்னாப்பிரிக்காவுக்குள் நாய் வர இறக்குமதி அனுமதி வேண்டும், லெய்ஷ்மேனியா உட்பட ஐந்து நோய்களுக்கான இரத்தப் பரிசோதனை வேண்டும், அதுவும் சரக்காகத்தான் வர முடியும். போகும்போது கேபினில் போன மணி வரும்போது அடியில் கூண்டில் வர வேண்டியிருக்கும். சில மாதத்துக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் மணியை மகன் வீட்டில் விட்டுப் போவதே நல்லது என்பேன். மகளோடு நிரந்தரமாகத் தங்கப் போகிறீர்கள் என்றால் மைக்ரோசிப்பை இந்த மாதமே போடுங்கள்.

கோரிக்கைக் கடிதத்தை எழுதியதும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.