எண் யாருடையது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தென்காசிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். எங்கள் கிளைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பீடி சுற்றும் பெண்கள், சுற்றி ஓய்ந்து பென்ஷன் வாங்கும் பெண்கள். வாடிக்கையாளர்களின் போனில் வங்கிச் செயலியை இறக்கிக் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கு மாதா மாதம் இலக்கு உண்டு. ஐம்பது தாண்டிய பெண்களிடம் அது நடப்பதே இல்லை. "எனக்கு அதெல்லாம் எதுக்குத் தாயி, இந்தப் பாஸ்புக்குல என்ட்ரி போட்டுக் குடு" என்பார்கள். அதே வயது ஆண்கள் வாங்கிக்கொள்கிறார்கள். தெரியாவிட்டாலும் "தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய், இரண்டே நாளில் கடவுச்சொல் பூட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். கல்லூரிப் பையன்களோ நான் சொல்லி முடிப்பதற்குள் விரலை ஓட்டிவிடுகிறார்கள். அதே வயதுப் பெண் பிள்ளைகள் "இதை அமுக்கலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் அமுக்குகிறார்கள்.

நானும் பெண்தான். சொல்லவே சங்கடமாக இருக்கிறது. பெண்களுக்கு இயல்பிலேயே தொழில்நுட்பத்தில் ஒரு தயக்கம் உண்டா? இல்லை, வயதுதான் காரணமா? "இந்தத் தலைமுறை போனால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்கிறார் எங்கள் மேலாளர். அப்படித்தானா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கல்லூரிப் பெண்ணைப் பற்றிய வரியைத்தான். எதை அமுக்க வேண்டும் என்று சரியாக விரலைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தானே "இதை அமுக்கலாமா?" என்கிறாள்? அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைச் செய்ய அனுமதி கேட்கிறாள். பக்கத்தில் நிற்கும் பையன் தப்பாக அமுக்கினால் இன்னொரு தடவை அமுக்குவான், யாரும் அவனை ஒன்றும் கேட்கப் போவதில்லை. இவள் தப்பாக அமுக்கினால் வீட்டில் அது நாலு நாள் பேச்சாகும். என் பதில் முழுவதும் இதைச் சுற்றித்தான் இருக்கும். தப்பு நடந்தால் யார் தலையில் விடியும் என்று ஒருவர் வாழ்க்கையில் கற்றுக்கொண்டதைத்தான் நாம் தொழில்நுட்பத்தின் மீது அவருக்குள்ள மனப்பான்மை என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. எஸ்டர் ஹர்கிட்டாய், ஸ்டீவன் ஷேஃபர் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. பலதரப்பட்ட ஆண்களையும் பெண்களையும் கணினி முன் உட்காரவைத்து, இணையத்தில் சில விஷயங்களைத் தேடி எடுக்கச் சொன்னார்கள். செய்து முடித்ததில் ஆண் பெண் என்று பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் "உங்கள் திறமை எப்படி?" என்று கேட்டபோது பெண்கள் தங்களைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். உங்கள் கவுன்ட்டரில் நீங்கள் தினமும் பார்ப்பதும் இதுதான்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோரிஸ், வெங்கடேஷ், ஆக்கர்மன் ஆகிய மூவரின் ஆய்வு ஒன்று 2005-ல் வந்தது. அலுவலகத்தில் புது மென்பொருள் வரும்போது ஊழியர்கள் அதை எப்படி ஏற்கிறார்கள் என்று பார்த்தார்கள். வயது கூடிய ஊழியர்களிடம் ஆண் பெண் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. இளம் ஊழியர்களிடம் அது ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. இயல்பிலேயே வருகிற தயக்கம் என்றால் இருபத்தைந்து வயதிலும் அது இருந்திருக்க வேண்டுமே?

உங்கள் மேலாளர் இதைக் கேட்டால் "நான் சொன்னதுதானே" என்பார். அங்கேதான் நம் ஊர்க் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்த ஊழியர்கள் அமெரிக்க அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். கற்றுக்கொள்வதற்கான கணினியை அலுவலகமே கொடுத்தது. இங்கே 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தனக்கென்று ஒரு கைபேசி வைத்துப் பயன்படுத்தும் பெண்கள் 54 சதவீதம்தான். 25 முதல் 29 வயதுக்காரர்களில் அது 65 சதவீதம். 15 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளில் வெறும் 32. ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 33. ஆகவே தலைமுறை மாறினால் தானாகச் சரியாகும் என்பதை நான் ஏற்கமாட்டேன். விரல் பழக வேண்டிய வயதில் அந்தப் பிள்ளையின் கையில் போன் இல்லை. இருந்தாலும் அண்ணனோ அப்பாவோ எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கிற போன்.

என் பெரியக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிச் சில ஆண்டுகள் தினமும் காலையில் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் பிள்ளைகளின் வருகையைப் பதிவு செய்தவர். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால் போனைத் தூக்கிக்கொண்டு மைதானத்து ஓரம் போய் சிக்னல் பிடித்துப் போட்டுவிட்டு வருவார். புதிதாக வந்த இளம் ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அதே அக்கா வீட்டில் கேஸ் புக் செய்ய மகனைக் கூப்பிடுவார். "ஏங்க்கா, உனக்குத் தெரியாதா இது?" என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துல தப்பாப் போனா சர்வர் சரியில்லன்னு எல்லாரும் சேர்ந்து சொல்லுவோம்டா. இங்க தப்பாப் போனா எனக்கு ஒண்ணும் தெரியலன்னு ஆயிடும்" என்றார்.

வயதும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. பள்ளியில் அவரைச் சுற்றி நாலு பேர் அதே தப்பைச் செய்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பொம்பளை சைக்கிள் ஓட்டுவதாவது என்று கேட்ட ஊர்களில், கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், கூலிப் பெண்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கொஞ்ச காலத்திலேயே ஓட்ட ஆரம்பித்தார்கள். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாரில் குழந்தையையும் உட்காரவைத்துக்கொண்டார்கள். தனியாகக் கற்றிருந்தால் முதல் முறை விழுந்ததோடு விட்டிருப்பார்கள். கூட்டமாகக் கற்றதால் விழுவது ஒரு பொருட்டாகவே இல்லாமல் போனது. இயல்பு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததெல்லாம் எங்கே போனது?

சரி, இனி உங்கள் பீடித் தொழிலாளர்களுக்கு வருகிறேன். நான் அதிகம் பேச நினைப்பது இதைத்தான்.

ஊரில் எந்தப் பூக்காரம்மாவிடமும் இப்போது க்யூஆர் அட்டை இருக்கிறது. ஸ்கேன் செய்து பாருங்கள், பல இடங்களில் திரையில் வருவது ஒரு ஆண் பெயர். மகன் பெயர், அல்லது மருமகன் பெயர். பக்கத்தில் இருக்கும் சின்ன ஒலிபெருக்கி "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் சொல்கிறது. அந்த அம்மா தலையைக்கூடத் தூக்காமல் பூவைக் கட்டிக்கொண்டே அதைக் காதில் வாங்கிக்கொள்கிறார். படிக்க வேண்டியதில்லை, கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. அந்தக் கருவியைப் பற்றி அவருக்கு எந்தத் தயக்கமும் நான் பார்க்கவில்லை. ஆனால் பணம் போகிற கணக்கு அவருடையது இல்லை. அதனால்தான் "சில்லறையா இருந்தா கையில குடுங்களேன்" என்கிறார். கையில் வருகிற காசு சுருக்குப்பைக்குள் போகும். அது அவர் காசு. போனில் போகிற காசை சாயங்காலம் மகனிடம் கேட்டு வாங்க வேண்டும்.

நம் வீட்டுப் பெண்கள் சிறுவாடு சேர்த்துத்தான் எத்தனையோ குடும்பங்கள் கஷ்ட காலத்தைத் தாண்டியிருக்கின்றன. அது நிற்பதே யாருக்கும் தெரியாது என்பதில்தான். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது, அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் இருந்ததையெல்லாம் பெண்கள் வெளியே எடுத்துக் கணவன் முன் வைக்க வேண்டியிருந்தது. அதையெல்லாம் பார்த்த ஒரு பெண்ணிடம், ஒவ்வொரு வரவு செலவுக்கும் எஸ்எம்எஸ் அனுப்புகிற ஒரு ஏற்பாட்டை நீட்டுகிறோம். அந்த எஸ்எம்எஸ் யார் போனுக்குப் போகிறது?

உங்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். செயலி வேண்டாம் என்று சொல்கிற அந்தப் பெண்களின் கணக்கில் எந்தக் கைபேசி எண் பதிவாகியிருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். "அது பையன் நம்பர்", "அது அவுக நம்பர்" என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி போகும். செயலியை இறக்கினால் அந்தப் போனில்தான் இறங்கும். அவர் வேண்டாம் என்பது தொழில்நுட்பத்தைத்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? பாஸ்புக்கை அவர் மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு போகலாம், காட்ட வேண்டியவர்களுக்கு மட்டும் காட்டலாம். தன் பணம் தன் கையில் இருக்கட்டும் என்று ஒருவர் நினைப்பதைப் பயம் என்று எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வயதுக்கென்று தனியாக ஒரு பங்கு உண்டு. அது உடம்பு சார்ந்தது. ஆயுசுக்கும் இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிய விரல்களில் ரேகை தேய்ந்துபோகிறது. தோலும் வயதில் வறண்டுவிடுகிறது. வறண்டு காய்த்த விரலைத் தொடுதிரையும் சரியாக உணர்வதில்லை. 2014 நவம்பரில் ஓய்வூதியர்களுக்கு இணையவழி உயிர்வாழ் சான்று வந்தது. பி.எஃப். பென்ஷன் வாங்கும் பீடித் தொழிலாளிகளும் ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பென்ஷனில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். இயந்திரத்தில் கட்டைவிரலை வைப்பார்கள், பொருந்தவில்லை என்று வரும். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். உங்கள் கிளையில் இதை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. "என் ரேகை விழமாட்டேங்குது தாயி" என்பார்கள், ஏதோ தங்கள் குறை போல. கருவி தன் வேலையைச் செய்யவில்லை என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. சான்று போகாவிட்டால் பென்ஷன் நிற்கும். இப்படி ஒரு வருஷம் பட்டவருக்கு அடுத்த கருவியைப் பார்த்தாலே கை பின்வாங்கத்தானே செய்யும்? முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வழி 2021-லேயே வந்துவிட்டது. ரேகை விழாதவர்களுக்கு முதல் தடவையிலேயே அதைச் செய்துகொடுங்கள்.

"தெரியும், தெரியும்" என்கிற ஆண்களையும் நான் கேலியாகப் பார்க்கவில்லை. அறுபது வயது ஆணுக்குத் தெரியாது என்று சொல்வதுதான் தப்பு நடப்பதைவிடப் பெரிய அவமானம். இந்தத் துணிச்சலாலும் பணம் போகிறது. வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து மிரட்டுகிறவனிடமும், பங்குச்சந்தையில் இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்கிற வாட்ஸ்அப் குழுவிலும் சேமிப்பையெல்லாம் இழந்தவர்களில் நன்றாகப் படித்து ஓய்வு பெற்ற ஆண்கள் நிறையப் பேர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இணைய மோசடியைப் புகார் செய்யும் 1930 என்ற எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பணம் போனது தெரிந்த உடனே கூப்பிட்டால் அதை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

அப்புறம் உங்கள் இலக்கு. இறக்கிக் கொடுப்பது என்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் போனை நீங்கள் வாங்கி, நீங்களே அமுக்கி, நீங்களே முடித்துக் கொடுத்தால் உங்கள் கணக்கில் ஒன்று கூடும். அவருக்கு ஒன்றும் கூடாது. முதலில் எண்ணைக் கேளுங்கள். அவருக்கென்று போன் இருந்தால், அது பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த எண்ணைக் கணக்கில் மாற்றிக் கொடுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாமல் சாதா போனிலேயே *99# அடித்து இருப்பைப் பார்க்க வழி இருக்கிறது. ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களைக் கூட்டம் குறைந்த மதிய நேரத்தில், ஒரே தெருக்காரர்களாக, அஞ்சாறு பேராக வரச் சொல்லுங்கள். உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் இன்னொருவருக்கு ஒரு ரூபாய் அனுப்பட்டும். தப்பாகப் போனாலும் ஒரு ரூபாய்தான், அதுவும் பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் போகும். மகன் கூட வந்திருந்தால் அவனைக் கொஞ்சம் வெளியே டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சிலர் வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கு முகம் சுளிக்காமல் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கொடுங்கள்.