இடுப்பு முதல் கணுக்கால் வரை: பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்

தசை, அசைவு, நடை பற்றிக் கேளுங்கள், பதில் சொல்கிறேன். எம்ஆர்ஐ படத்தை அனுப்பி "இது என்ன?" என்று கேட்காதீர்கள். உங்களைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்வதில்லை.

ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுக்கிறது. என்ன செய்யலாம்? (ஈரோடு வாசகி)

இழுப்பது தசை. படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்குவதால் கெண்டைக்கால் ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கும். அந்த நிலையில் இன்னும் கொஞ்சம் இறுகினாலே பிடித்துக்கொள்ளும். முழங்காலை நன்றாக நீட்டிக்கொண்டு, பாதத்தை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். முட்டி மடங்கியிருந்தால் பலன் குறைவு. மேலாக இருக்கும் பெரிய தசையான காஸ்ட்ரோக்னீமியஸ் முட்டிக்கு மேலே, தொடை எலும்பில் தொடங்குகிறது. முட்டியை மடக்கினால் அது தளர்ந்துவிடும், இழுப்பு அதற்குப் போய்ச் சேராது.

ஓர் எச்சரிக்கை. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதைப் பிடிப்பு என்று நினைத்து நீவாதீர்கள். ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

குனிந்தால் விரல் தரையைத் தொடுவதே இல்லை. தினமும் எவ்வளவு நேரம் ஸ்ட்ரெட்ச் செய்ய வேண்டும்? (ஐடி ஊழியர்)

முதலில் எது தடுக்கிறது என்று பாருங்கள். நாற்காலியில் கூன் போட்டு உட்காருங்கள், தலையும் குனிந்திருக்கட்டும். ஒரு முட்டியை மெதுவாக நீட்டுங்கள். தொடைக்குப் பின்னால் இழுக்கும் இடத்தில் நிறுத்தி, காலை அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்துங்கள். இழுப்பு குறைந்தால் அது தசையின் வேலை இல்லை. பின்தொடைத் தசையான ஹாம்ஸ்ட்ரிங் உட்காரும் எலும்பில் தொடங்கி முட்டிக்குச் சற்றுக் கீழே முடிகிறது. கழுத்தை அசைத்தால் அது ஏன் தளர வேண்டும்? தண்டுவடத்தோடு தொடர்புள்ள சயாட்டிக் நரம்புதான் தளரும். நரம்பை நீளமாக இழுத்துப் பிடித்தால் இன்னும் எரிச்சலாகும், அதனால் நேரில் காட்டுங்கள். தலையை நிமிர்த்தியும் இழுப்பு அப்படியே இருந்தால் ஹாம்ஸ்ட்ரிங்தான். ஒரு தடவைக்கு முப்பது விநாடி, காலுக்கு இரண்டு மூன்று தடவை போதும். குலுக்கிக் குலுக்கி இழுக்க வேண்டாம்.

மாமியாருக்கு வலது இடுப்பில் வலி. நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறார். கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்?

இடது கையில். பலர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள், அது தவறு. வலது காலில் நிற்கும்போது இடது இடுப்பு கீழே இறங்காமல் பிடித்து வைப்பது வலப்பக்க குளூட்டியஸ் மீடியஸ். இடுப்பின் வெளிப்பக்கம் இருக்கும் தசை அது. அது சோர்ந்துவிட்டால் இடுப்பு இறங்கும், அல்லது அதை ஈடுகட்ட உடம்பு வலப்பக்கம் சாயும். இடது கைத்தடி அந்தச் சுமையில் பங்கு வாங்கிக்கொள்ளும்.

தொடை மெலிய எந்தப் பயிற்சி?

அது கொழுப்பு பற்றிய கேள்வி. அடுத்த கடையில் விசாரியுங்கள்.

தோப்புக்கரணம் போட்டால் முட்டி தேயுமா?

வலி இல்லாத முட்டி தேயாது. வலி இருந்தால் நாற்காலி உயரம் வரை மட்டும் இறங்குங்கள்.

சார், நான் ஜிம் டிரெய்னர். முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது என்பது அடிப்படை விதி. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

வேண்டுமென்றேதான் விட்டேன். மாடிப்படியில் மெதுவாக இறங்கிப் பாருங்கள். மேல்படியில் ஊன்றிய காலின் முட்டி ஒவ்வொரு படியிலும் விரலைத் தாண்டும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், தோளில் எடையோடு குந்தும்போது முட்டி முன்னால் போகாதபடி பலகை வைத்துத் தடுத்தார்கள். முட்டியில் விழும் திருப்பு விசையில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, இடுப்பு மூட்டில் அது பத்து மடங்கானது. முட்டியைக் காப்பாற்றப் போய்ச் சுமையை இடுப்புக்கும் முதுகுக்கும் தள்ளிவிடுகிறீர்கள்.

ஆனால் விரலைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் என் ஜிம்மில் முட்டி வலி வருகிறது!

அவர்களுடைய குதிகாலைப் பார்த்தீர்களா? அது தரையை விட்டு எழும்பினால் சோலியஸ் இறுக்கமா என்று சோதியுங்கள். கெண்டைக்காலின் உள்ளடுக்குத் தசை அது. முட்டிக்குக் கீழேயே தொடங்குவதால் முட்டியை மடக்கினாலும் தளராது. அப்புறம் முன்னாலிருந்து பாருங்கள். முட்டிகள் ஒன்றையொன்று நோக்கிச் சரிகின்றனவா? அப்படியானால் முட்டியை விட்டுவிட்டு இடுப்பின் வெளிப்பக்கத் தசைக்கு வேலை கொடுங்கள். விரலுக்கும் முட்டிக்கும் நடுவே கோடு போடுவதைவிட இது பயன்படும்.

காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டால் மூளை வளரும் என்கிறார்களே?

நான் இடுப்புக்குக் கீழே.

எனக்கும் ராத்திரி கெண்டைக்கால் இழுக்கிறது...

முதல் பதிலைப் படியுங்கள்.

ஒரு வாரமாக இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. நல்லெண்ணெய் காய்ச்சி நீவலாமா?

இதற்கும் முதல் பதில்தான், அதன் கடைசிப் பத்தி. நீவாதீர்கள். இதைப் படித்ததும் கிளம்புங்கள்.

டைல்ஸ் ஒட்டும் வேலை. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்துவிட்டு எழுந்தபோது வலது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. செருப்பு கழன்று விழுகிறது. வலி இல்லை.

இன்று வந்ததிலேயே முக்கியமான கேள்வி. முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே ஒரு எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதற்குக் கீழே எலும்பைச் சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய தோலுக்கடியிலேயே, ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர் தசைக்குக் கட்டளை அதன் வழியாகத்தான் போகிறது. நெடுநேரம் குந்தியிருந்தால் அந்த நரம்பு நசுங்கும். பெரும்பாலும் வாரக்கணக்கில் மீளும், ஆனாலும் காத்திருக்காதீர்கள். முதுகெலும்புப் பிரச்சினையிலும் இப்படி ஆகும் என்பதால் நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். முகத்திலோ கையிலோ மாற்றம் தெரிந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதுவரை குந்த வேண்டாம், கால்மேல் கால் போட வேண்டாம். பின்வார் உள்ள செருப்பாகப் போடுங்கள், தடுக்கி விழுவதுதான் இப்போதைய ஆபத்து.

தாண்டக் கூடாது என்றுதான் எங்கள் சான்றிதழ் வகுப்பில் சொன்னார்கள் சார்.

வகுப்பு எத்தனையாவது மாடியில்? இறங்கும்போது முட்டியைப் பாருங்கள்.