வீட்டில் நான்கு ஐபி கேமராக்கள் இருக்கின்றன. மெமரி கார்டை விட்டுவிட்டு நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்த வட்டுச் சேமிப்புப் பெட்டி) வீடியோவைப் பதிவு செய்ய முடியுமா?

முடியும், தாராளமாகச் செய்யுங்கள். நான் மாறியதற்குக் காரணம் ஒரு தைப்பூசம்.

எங்களுடையது பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு வரிசை வீடு. பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பார்க்க எல்லோரும் கிளம்பிவிட்டோம். திரும்பி வந்தால் பின்பக்கம் பூட்டி வைத்திருந்த மகனின் சைக்கிளைக் காணவில்லை. கேமராதான் இருக்கிறதே என்று தைரியமாகப் போனைத் திறந்தேன். பின்வாசல் நேரலையில் பளிச்சென்று தெரிந்தது. பழைய பதிவைத் தேடினால், கடைசியாகப் பதிவானது மூன்று வாரத்துக்கு முன்பு! கார்டு எப்போதோ போய்விட்டிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. இரவும் பகலும் எழுதி அழித்து, எழுதி அழித்து மெமரி கார்டு தேய்ந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேமராவில் ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் வசதி (காட்சியை வேறு நிறுவனப் பெட்டிக்கும் அனுப்ப உதவும் பொது நெறிமுறைகள்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேட்டரியில் ஓடும் கேமராக்களில் பெரும்பாலும் இருக்காது. டிபி-லிங்க்கின் டாப்போ போன்ற கேமராக்களில் செயலிக்குள் போய் ‘கேமரா கணக்கு’ என்று தனியாக ஒரு பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்க வேண்டும். நாஸில் கொடுக்க வேண்டியது அதைத்தான். செயலியில் நுழையும் மின்னஞ்சலைக் கொடுத்தால் ஏற்காது. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். டாப்போவுக்கு ஆன்விஃப் போர்ட் (இணைப்பு வாசல் எண்) 2020, ஆர்டிஎஸ்பி போர்ட் 554.

அப்புறம் ரௌட்டரில் ஒவ்வொரு கேமராவுக்கும் ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, பதிவு சத்தமில்லாமல் நின்றுவிடும்.

சினாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டி என்றால், அதன் பதிவு மென்பொருளான சர்வைலன்ஸ் ஸ்டேஷனில் இரண்டு கேமராவுக்குத்தான் உரிமம் இலவசம். மற்ற இரண்டுக்குக் காசு கட்ட வேண்டும். டாக்கர் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டகமாக ஓட்டும் முறை) பழக்கம் இருந்தால் ஃப்ரிகேட் என்ற பதிவு மென்பொருள் இலவசம், ஆனால் அமைக்கப் பொறுமை வேண்டும்.

எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்குக்கும் சேர்த்து 86.4 ஜிபி, முப்பது நாளுக்கு சுமார் 2.6 டிபி. அதனால் 4 டிபி வட்டு போதும். டபிள்யூடி பர்ப்பிள், ஸ்கைஹாக் போல இடைவிடாமல் எழுதுவதற்கென்றே செய்த வட்டாக வாங்குங்கள். பதிவுக்கு இத்தனை ஜிபிதான் என்று வரம்பும் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் குடும்பப் படங்களுக்கு இடமில்லாமல் போகும்.

சமையலறைப் பக்கத்துக் கேமராவுக்கு இரண்டு சுவர் தாண்டி வைஃபை சரியாக எட்டவில்லை. காட்சி விட்டு விட்டு வந்தது. கடைசியில் பிஓஇ கேமரா மாட்டி ஒரே கேபிள் இழுத்தேன்; கரண்டும் அதிலேயே போகிறது. 100 மீட்டர் வரை இழுக்கலாம். நம் ஊர் இடி மின்னலுக்கு நாஸ், ரௌட்டர், கேமரா கேபிள்கள் சேரும் நெட்வொர்க் சுவிட்ச் மூன்றையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். பெட்டியை டிவி பக்கத்தில் வைக்காதீர்கள், திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான். எங்கள் வீட்டில் மாடி ஸ்டோர் அறையில், காற்றோட்டமான தட்டில் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரௌட்டரில் போர்ட் திறக்கவே திறக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற தீநிரல், இணையத்துக்குத் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. விபிஎன் (மறையாக்கிய தனிப் பாதை) வழியாக நுழையுங்கள். டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் சேவையை அமைக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.

எல்லாம் முடிந்ததும், கேமரா துண்டித்தால் போனுக்கு அறிவிப்பு வரும்படி செய்துவிட்டு, ஒரு கேமராவின் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். அறிவிப்பு வருகிறதா? மறுநாள் காலை, விடியற்காலை மூன்று மணிப் பதிவைத் திறந்து, அதில் தெரியும் நேரம் சரியா என்றும் பாருங்கள். நான் இன்றும் ஒவ்வொரு ஞாயிறும் இதைச் செய்கிறேன்.