நிற்கும்போது நடுங்கும் என்ஜின்: இன்ஜெக்டர் வாங்க முன்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். 2007 டொயோட்டா அக்சியோ, 1500 சிசி. ஸ்லோவில் நிற்கும்போது என்ஜின் நடுங்குகிறது, மழை பெய்த மறுநாள் காலையில் இன்னும் மோசம். கந்தளாய்ப் பக்கம் ஓடும்போது பெரிதாகத் தெரிவதில்லை. செக் என்ஜின் லைட் எரிகிறது. நாலு பிளக்கும் மாற்றியாச்சு. இப்போது இன்ஜெக்டர் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். எந்த சிலிண்டர் சரியாக எரியாமல் விடுகிறது என்று தெரியாமல் எந்தச் சாமானும் வாங்க வேண்டாம். பழுதுக் கோட் வாசிக்கும் ஸ்கானர் பூட்டிப் பாருங்கள். பி0301 முதல் பி0304 வரை ஒரு கோட் வந்தால் கடைசி இலக்கம்தான் சிலிண்டர். பி0300 என்றால் ஒன்றில் நிற்காமல் மாறி மாறி விடுகிறது.

பி0302 வந்தது என்று வையுங்கள். என்ஜினை நிறுத்தி, இரண்டாவது கொயிலை (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு 10 மில்லிமீற்றர் போல்ட், ஒரு வயர் சொக்கெட், அவ்வளவுதான். ஸ்கானரால் அந்தக் கோட் எண்ணை அழித்துவிட்டு ஓடிப் பாருங்கள். பி0303 ஆக மாறினால் பழுது கொயிலில். மாறாவிட்டால் இதேபோல் பிளக்கை இடம் மாற்றுங்கள், புதுப் பிளக்கும் பழுதாய் இருக்கலாம். பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் முறை அதற்கு அப்புறம்தான்.

மழைக்குப் பிறகு மோசம் என்கிறீர்களே, அதனால் என் சந்தேகம் கொயில் பக்கம்தான். கொயிலின் ரப்பரில் வெடிப்பு இருந்தால், ஈரம் பட்டதும் மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் என்ஜினுக்குப் பாய்ந்துவிடும். ரப்பரில் மெல்லிய கோடு ஓடியிருந்தால் அது பாய்ந்த தடம். கடலோரத்தில் ஓடும் வாகனம் என்பதால் சொக்கெட் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிளக் குழிக்குள் எண்ணெய் நின்றால் வால்வ் கவரின் குழாய் சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் போடும் புதுக் கொயிலும் கெட்டுப்போகும்.

ஓடுகிற என்ஜினில் கொயிலைக் கையால் தூக்கிப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து அதற்கு இடங்கொடுக்காதீர்கள். 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும்.

கலவையில் பெற்றோல் குறைவு என்று சொல்லும் பி0171 உம் சேர்ந்து வந்தால் கதை வேறு. சென்சர் அளக்காத காற்று எங்கோ உள்ளே புகுகிறது. ஸ்லோவில் என்ஜின் இழுப்பதே கொஞ்சக் காற்று என்பதால் சின்ன ஒழுக்கும் கலவையைக் குழப்பும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் அடங்கிவிடும். வேகுவம் ஹோஸ், பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப உள்ளே இழுக்கும் குழாய்) இரண்டையும் வளைத்து வெடிப்புத் தேடுங்கள், ‘உஸ்’ சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். காற்றை அளவாக உள்ளே விடும் திராட்டில் பொடியில் கரி படிந்திருந்தால் துடைக்கலாம். துடைத்த பிறகு கொஞ்ச நாள் ஸ்லோ ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம்.

லைட் விட்டு விட்டு மின்னினால் மட்டும் உடனே ஓரங்கட்டுங்கள். எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிட்டிக் கொன்வெர்ட்டரைச் சூடாக்கி உருக்கிவிடும்.

எதை இடம் மாற்றியும் கோட் அதே சிலிண்டரில் நின்றால் கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்ற மூன்றை விட நன்றாகக் குறைந்திருந்தால் பழுது வால்விலோ ரிங்கிலோ இருக்கும், இன்ஜெக்டரில் அல்ல.